நம் ஊரில் நாற்றை எப்போது, எப்படி வெளியே வைப்பது

தம்பி கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். தோட்டத்து லயத்தை விட்டு, பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட் டவுனை ஒட்டிய தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டுக்குக் குடி வந்திருக்கிறார்கள். வாசலில் போர்ச், அதற்குப் பக்கத்தில் ஒரு துண்டு மண். வெளிநாட்டு வீடியோக்களில் "வசந்தத்தில் தோட்டம் தொடங்குங்கள், நாற்றை முதலில் வீட்டுக்குள் வளர்த்து, அப்புறம் மூடி போட்டுக் காப்பாற்றி வெளியே நடுங்கள்" என்று பார்த்து, மார்ச் தொடக்கத்தில் தக்காளி, மிளகாய், கத்தரி விதை போட்டிருக்கிறார். ஜன்னல் ஓரத்தில் எல்லாம் முளைத்து உயரமாக வந்திருக்கிறது. மண்ணில் நட்டு, மினரல் வாட்டர் போத்தலைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்த இரண்டாம் நாளே பாதி நாற்று வெந்துவிட்டது. மிச்சத்தை மாலை மழை சாய்த்தது, அதிலும் தப்பியதை இரவில் நத்தை தின்றுவிட்டது. தவறு எங்கே, நம் ஊரில் எந்த மாதம் தொடங்குவது, வெளியே வைத்த நாற்றை எப்படிக் காப்பது, கறிவேப்பிலைக் கன்று வைக்கலாமா என்பவை அவர் கேள்விகள்.

தம்பி, நீங்கள் பார்த்த முறை நல்ல முறைதான். ஆனால் அது குளிரை எதிரியாக வைத்து உண்டான முறை. நம் ஊரில் நாற்றைக் கொல்வது மதிய வெயிலும், மாலை மழையும், ராத்திரி நத்தையும். எதிரி மாறும்போது காப்பும் மாற வேண்டும். நாற்றைப் படிப்படியாக வெளிக்குப் பழக்க வேண்டும் என்ற ஒரு விஷயம் மட்டும் இரண்டு ஊருக்கும் பொது.

குளிர் நாடுகளில் அவர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று தெரிந்தால் எதை எடுப்பது, எதை விடுவது என்று உங்களுக்கே புரியும். அங்கே பனிக்காலத்தில் ராத்திரி தட்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். இலைக்குள் இருக்கும் நீரே உறைந்து, செடி கறுத்துப் போய்விடும். தக்காளி, மிளகாய் எல்லாம் 10 டிகிரிக்குக் கீழே போனாலே வாடிச் சுருங்குகிற சாதி. ஆனால் அங்கே வெயில் காலம் குறுகியது. கடைசி உறைபனி முடியும் வரை காத்திருந்து விதை போட்டால் காய் பழுப்பதற்குள் குளிர் திரும்பிவிடும். அதனால் ஆறு முதல் எட்டு வாரம் முன்னதாகவே வீட்டுக்குள் விதைத்து, வசந்தம் வந்ததும் ஒரு வாரம் பத்து நாள் பகலில் மட்டும் வெளியே வைத்து எடுத்து, பிறகு நடுகிறார்கள். ராத்திரிக் குளிருக்குத்தான் அந்தக் கண்ணாடி மூடியும் போத்தலும். உள்ளே வெப்பத்தைப் பிடித்து வைப்பதே அதன் வேலை.

இங்கே அதே போத்தலை ஏப்ரல் வெயிலில் கவிழ்த்தால் என்ன ஆகும்? நம் தாழ்நிலத்தில் வருஷம் முழுக்க ராத்திரி சுமார் 23, பகலில் 32, 33 டிகிரி. போத்தலுக்குள் காற்று ஓடாது, வெப்பம் ஏறிக்கொண்டே போகும். நாற்று வெந்ததற்கு முதல் காரணம் அந்த போத்தல்தான். இரண்டாவது காரணம் மாதம். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் சூரியன் பேராவின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. அதுவும் நம் கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு இல்லை. மலேசிய நேரப்படி உச்சிவெயில் சுமார் ஒன்றேகால் மணிக்கு. அதனால் காலை பதினொன்றரையிலிருந்து மாலை நான்கு வரை வெயில் கடுமையாக இருக்கும். மூன்றாவது காரணம் ஜன்னல் ஓரம். அங்கே வளரும் நாற்று வெளிச்சத்தைத் தேடி நீளமாக, ஒல்லியாக, வெளிர்ப் பச்சையாகப் போகும். இலையும் மெல்லியதாக இருக்கும். அந்த இலையை நேராக வெயிலில் வைத்தால் முதல் நாளே நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். நோய் என்று நினைத்து மருந்து வாங்கி அடிப்பவர்களும் உண்டு. அது வெயில் சுட்ட தழும்பு, மருந்துக்குப் போகாது.

ஆகவே முதல் மாற்றம் இது: நாற்றை வீட்டுக்குள் வளர்க்கவே வேண்டாம். நமக்கு உறைபனி இல்லை, வீட்டுக்குள் வைக்கக் காரணமும் இல்லை. முதல் நாளிலிருந்தே போர்ச்சின் ஓரத்தில், காலை வெயில் ஒன்பது பத்து மணி வரை படுகிற, மழை நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். அங்கே முளைக்கிற நாற்று காற்றையும் வெளிச்சத்தையும் பிறந்ததிலிருந்தே பார்க்கிறது. தண்டு குட்டையாக, தடியாக வரும். பாதித் தொல்லை அத்தோடு போயிற்று.

இதைச் சொல்ல வெளிநாட்டு வீடியோ வேண்டியதில்லை. தோட்டத்தில் செம்பனை நர்சரியில் வேலை செய்தவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். முளைவிட்ட கொட்டையைச் சின்னப் பையில் போட்டு, சுமார் மூன்று மாதம் நிழலுக்குக் கீழே வைத்து, கடைசி வாரங்களில் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதன் பிறகுதான் பெரிய பைக்கு மாற்றித் திறந்த வெளியில் வைப்பார்கள். காட்டுக்குப் போக மொத்தத்தில் ஒரு வருஷம் ஆகும். நிழலில் இருந்த பையை ஒரே நாளில் முழு வெயிலுக்குத் தூக்கி வைத்தால் மேற்பார்வை பார்க்கிற மண்டோர் சும்மா விடமாட்டார். இருபத்தைந்து வருஷம் நிற்கப் போகிற மரத்துக்கே அவ்வளவு பதம் பார்க்கிறார்கள் என்றால், மூன்று மாதச் செடியான மிளகாய்க்கு ஒரு வாரமாவது பார்க்கலாம்.

இனி எந்த மாதம் என்ற கேள்வி. நமக்குப் பகல் நீளம் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசம். வெப்பமும் அப்படித்தான். அதனால் நம் தோட்டக் காலண்டரை நிர்ணயிப்பது மழை ஒன்றுதான். மேற்குக் கரையில் இருக்கிற நமக்கு வருஷத்தில் இரண்டு பெருமழைக் காலம். பெரியது அக்டோபர், நவம்பர். தீபாவளிக்குப் புதுத்துணி போட்டுக்கொண்டு மழையில் நனையாத குடும்பம் நம்மில் குறைவு. சிறியது ஏப்ரல், மே. சித்திரை பிறந்ததும் மத்தியானம் வேகவைத்து, மூன்று நான்கு மணிக்கு இடியோடு கொட்டும். நடுவில் இரண்டு காய்ந்த காலம். தைப்பூசத்தை ஒட்டி ஜனவரி, பிப்ரவரி ஒன்று. ஜூன், ஜூலை இன்னொன்று.

ரப்பர் காட்டைப் பார்த்தவர்களுக்கு இது கண்ணால் தெரியும். முதல் காய்ந்த காலத்தில்தான் ரப்பர் மரம் இலை சிவந்து, மொத்தமாகக் கொட்டி, கொப்பு மட்டும் நிற்கும். தரையில் காய்ந்த இலை நடக்க நடக்கச் சத்தம் போடும். சில வாரத்தில் செம்பு நிறத்தில் தளதளவென்று இளந்துளிர் தொங்கும். துளிர் பச்சையாகி நிமிர்கிற நேரத்துக்குச் சித்திரை மழை வந்துவிடும். நம் ஊருக்கு வசந்தம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்தத் துளிர்க்காலம்தான். இப்போது சுற்றிலும் செம்பனை ஆகிவிட்டாலும் சிறுதோட்டக்காரர்களின் ரப்பர் அங்கங்கே நிற்கிறது, பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பெரியவர்கள் சிலர் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். தமிழ்நாட்டில் ஆடிக்குப் பின்னால் வருகிற பருவமழையை நம்பி அது சரி. இங்கே ஆடியில் மிளகாய் விதைத்தால் செடி பூத்துக் காய்க்கிற நேரம் தீபாவளி மழையில் போய் மாட்டும். பூ உதிரும், காய் அழுகும். வெண்டைக்கும் கங்கோங் கீரைக்கும் ஆடி பரவாயில்லை, மிளகாய்க்கு ஆகாது.

என் கணக்கு இதுதான். மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் பூக்கிற காலத்தில் காய்ந்த நாளை விரும்புபவை. நவம்பர் கடைசியில் போர்ச்சில் விதை போட்டு, ஜனவரி முதலில் மண்ணுக்கு மாற்றினால் மார்ச் நடுவிலிருந்து பறிக்கலாம். அதைத் தவறவிட்டால் ஏப்ரல் கடைசியில் விதைத்து, ஜூன் தொடக்கத்தில் நடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் காய் கிடைக்கும், பெருமழைக்கு முன்னால் நல்ல பறிப்பு முடிந்துவிடும். வெண்டை, பயற்றங்காய், பாகல், பீர்க்கு இவற்றுக்கு மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால், அதாவது மார்ச் கடைசியிலும் செப்டம்பரிலும் நேராக மண்ணில் விதை ஊன்றலாம். கீரைக்கும் கங்கோங்குக்கும் மாதம் பார்க்க வேண்டாம். முளைக்கீரை மூன்று நான்கு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும், பெருமழையில் மட்டும் மேலே ஒரு கூரை வேண்டும்.

கேரட், காலிஃபிளவர், பட்டாணி, உருளைக்கிழங்கு விதைப் பொட்டலம் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். அதெல்லாம் கேமரன் மலைக்குரியவை. அங்கே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ராத்திரி நன்றாகக் குளிர்கிறது. கீழே நம்மிடம் இலை மட்டும் வரும், இல்லை அதுவும் வராது. காசை வெண்டை விதைக்குப் போடுங்கள்.

மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்டத்து லயத்துக்குப் பின்னால் இருந்த மண் பல வருஷம் சாணியும் சாம்பலும் இலைக் குப்பையும் விழுந்து பதப்பட்ட மண். தாமான் வீட்டு மண் அப்படி இருக்காது. கட்டும்போது மேல்மண்ணை வழித்துவிட்டுச் செம்மண் கொட்டி இறுக்கி, அதில் செங்கல் துண்டும் சிமெண்டும் கலந்து கிடக்கும். ஓரடி ஆழம் கொத்திப் பாருங்கள். தண்ணீர் ஊற்றினால் நின்றுகொண்டே இருந்தால் அந்த மண்ணில் நேராக நடாதீர்கள். ஓரடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 16 அங்குல பாலிபேக்கில் வையுங்கள். கலவைக்கு மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு மணல் என்று வைத்துக்கொண்டால் போதும். நம் மண் இயல்பாகவே புளிப்பு. அதனால் நடுவதற்கு இரண்டு வாரம் முன்னால் சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறிவிடுங்கள். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் போடக் கூடாது, எருவின் சத்து ஆவியாகப் போய்விடும். பச்சைக் கோழி எருவை நாற்றின் காலடியில் போடவே போடாதீர்கள். வேர் எரிந்து போகும். ஒன்றிரண்டு மாதம் மூடி மக்க வைத்தது, அல்லது பையில் பதப்படுத்தி விற்பது, அதுதான் சரி.

விதைப்பில் சுருக்கமாகச் சொல்கிறேன். வெண்டை, பயற்றங்காய் இரண்டையும் தட்டில் போட்டு மாற்றத் தேவையில்லை. வேர் அசைந்தால் அவற்றுக்குப் பிடிக்காது. வெண்டை விதையை ராத்திரி தண்ணீரில் ஊற வைத்துக் காலையில் ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும். மிளகாயும் கத்தரியும் தட்டில், அரை சென்டிமீட்டர் ஆழத்தில், ஒரு குழிக்கு ஒன்று இரண்டு விதை. ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். அதுவரை மேலே செய்தித்தாள் மூடலாம். முதல் முளை தலை காட்டியதும் தாளை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தள்ளினாலும் நாற்று நீண்டுவிடும். கீரை விதையை எறும்பு வரிசை கட்டித் தூக்கிக்கொண்டு போகும். பாத்தி ஓரத்தில் மஞ்சள்தூளோ சாம்பலோ கோடு போட்டால் காய்ந்திருக்கும் வரை தடுக்கும், நனைந்தால் மறுபடி போட வேண்டும்.

தட்டில் நாற்று இருக்கும்போது வருகிற பெரிய வில்லங்கம் நாற்றழுகல். ராத்திரி நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் படுத்திருக்கும். குனிந்து பாருங்கள்: இலை பச்சையாகவே இருக்கும், ஆனால் தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் தண்ணீர் கோத்து, நூலாக மெலிந்து பழுப்பாகி இருக்கும். விரலால் தொட்டால் அந்த இடத்தில் ஒடியும். ஈர மண்ணில் வாழும் பூஞ்சணத்தின் வேலை அது. விழுந்ததை எழுப்ப முடியாது. பக்கத்து நாற்றுக்குப் பரவாமல் இருக்க அந்தக் குழியை மண்ணோடு எடுத்து எறிந்துவிட்டு, இரண்டு நாள் தண்ணீரைக் குறையுங்கள். நெருக்கமாக விதைப்பது, மாலையில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஈரமாக விடுவது, பழைய மண்ணையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது, இந்த மூன்றும்தான் அதைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். காலையில் தண்ணீர், நல்ல காற்றோட்டம், புது மண் என்று இருந்தால் பெரும்பாலும் வராது.

நாலைந்து வாரத்தில் நாற்றுக்கு, முதலில் வந்த இரண்டு முளையிலையைத் தவிர, நான்கு முதல் ஆறு நிஜ இலை வந்திருக்கும். அப்போது வெளிக்குப் பழக்கத் தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் காலை வெயில் பத்து பத்தரை வரை. அடுத்த சில நாள் பதினொன்றரை வரை, கூடவே மாலை ஐந்துக்கு மேல். ஒரு வாரத்தில் மத்தியான வெயிலும் கொஞ்சம் காட்டலாம். ஒவ்வொரு நாளும் இலையைப் பாருங்கள். மத்தியானம் லேசாகத் தொங்கி, மாலையில் தானே நிமிர்ந்தால் அது பழகிக்கொண்டிருக்கிறது. மாலையிலும் தொங்கினால் ஒரு படி பின்னுக்குப் போங்கள். இந்த வாரத்தில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் தண்டு இறுகும்.

மண்ணில் நடுவதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். மேகமூட்டமான நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. ராத்திரி முழுக்க வேர் பிடிக்க அதற்கு நேரம் கிடைக்கும். நட்ட பிறகு நிழலுக்குக் கடையில் கறுப்பு வலை மீட்டர் கணக்கில் கிடைக்கும், பாதி வெளிச்சம் விடுகிறது போதும். ஆனால் நம்மைச் சுற்றி இருக்கிற செம்பனை மட்டைக்கு ஈடு இல்லை என்பேன். அறுவடைக்குப் பின் வெட்டிப் போட்ட பச்சை மட்டை ஒன்றை, கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். அடிப்பக்க முள்ளை முதலில் வெட்டி எறிந்துவிடுங்கள், கையைக் கிழித்துவிடும். மேல் பாதியை மூன்றடித் துண்டாக வெட்டி, ஒவ்வொரு நாற்றுக்கும் மேற்குப் பக்கமாகச் சாய்த்துக் குத்துங்கள். காலை வெயில் கிழக்கிலிருந்து தடையில்லாமல் படும். மத்தியானம் சாய்கிற வெயிலை மட்டை தாங்கும். இதன் அருமை பிறகுதான் தெரியும். இரண்டு மூன்று நாளில் ஓலை வாடும், சுருளும், இடைவெளி விழும். ஒரு வாரத்தில் காய்ந்து பாதி உதிர்ந்திருக்கும். நாற்று வெயிலுக்குப் பழகப் பழக நிழலும் தானே குறைந்துகொண்டு வருகிறது. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். பத்தாம் நாள் மட்டையைப் பிடுங்கிப் பாத்தியின் நடுவே போட்டுவிட்டால் அதுவே மண்ணுக்கு மூடாக்கு. செம்பனை கிடைக்காவிட்டால் தென்னை ஓலை.

மழைக்கு வருவோம். நம் மாலை மழை நாற்றை மூன்று விதமாக அடிக்கிறது. துளியின் வேகத்தில் சாய்க்கிறது. மண்ணைத் தெறிக்கவிட்டு இலையின் அடியில் ஒட்ட வைக்கிறது, அந்த மண்ணில்தான் நோய்க்கிருமி இருக்கிறது. அப்புறம் தண்ணீர் தேங்கி வேரை மூச்சுத் திணற வைக்கிறது. மேட்டுப் பாத்தி கடைசித் தொல்லையைத் தீர்க்கும். மண் மேல் காய்ந்த புல்லை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் தெறிப்பு நிற்கும். லாலாங் புல்லாக இருந்தால் பூ வருவதற்கு முன் வெட்டியதாகவும், வேர் இல்லாமலும் பாருங்கள், இல்லாவிட்டால் பாத்தியே லாலாங் ஆகிவிடும். சாய்வதைத் தடுக்க ஒரு குச்சி நட்டு, தண்டுக்கும் குச்சிக்கும் இடையே கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். வீட்டுக் கூரையில் மழைநீர் ஓடும் பீலி இல்லாவிட்டால் அதன் விளிம்புக்கு நேர் கீழே எதையும் நடாதீர்கள், மழை அங்கே கொட்டுகிற வேகத்துக்கு எந்த நாற்றும் தாங்காது. அக்டோபர், நவம்பரில் வளர்த்தே ஆக வேண்டும் என்றால் நாலு கம்பு நட்டு, ஆறடி உயரத்தில் தெளிவான பிளாஸ்டிக் கூரை போடுங்கள். நான்கு பக்கமும் திறந்தே இருக்கட்டும். பக்கத்தையும் மூடினால் அது பெரிய சைஸ் போத்தல், பழைய கதைதான்.

போத்தலை எறிய வேண்டாம், அதற்கும் வேலை இருக்கிறது. மேலும் கீழும் வெட்டி வெறும் குழாயாக்கி, நாற்றைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள் அழுத்தி வையுங்கள். மேலே திறந்திருப்பதால் சூடு தங்காது. ராத்திரியில் தண்டை அடியோடு கத்தரித்துப் போடுகிற வெட்டுப்புழு உள்ளே வராது. கோழி கிளறினாலும் நாற்று பிழைக்கும். நத்தையை மட்டும் இது நிறுத்தாது, அது பிளாஸ்டிக்கில் ஏறிவிடும்.

நத்தை விஷயத்தில் கொஞ்சம் அக்கறையாகக் கேளுங்கள். நம் தாமான்களில் திரிவது பெரும்பாலும் ஆப்பிரிக்கப் பெருநத்தை. பகலில் பூத்தொட்டி அடியில், கற்குவியலில், ஈரமான பலகைக்குக் கீழே கிடக்கும். மழை விட்ட ராத்திரியில் எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போனால் வரிசையாகக் கிடைக்கும். ஒரு வாரம் விடாமல் பொறுக்கினால் எண்ணிக்கை கண்கூடாகக் குறையும். பொறுக்குவதற்கு இடுக்கியோ கையுறையோ கட்டாயம். எலியிலிருந்து நத்தைக்கு வந்து தங்குகிற ஒரு வகைப் புழு மனிதருக்குள் போனால் மூளைச் சவ்வைத் தாக்கும். வெறுங்கையால் தொடக் கூடாது, பிள்ளைகளை விளையாட விடக் கூடாது, நத்தை ஊர்ந்த கீரையைப் பச்சையாகத் தின்னக் கூடாது. பொறுக்கியதை உப்புத் தண்ணீர் வாளியில் போடலாம், ஆனால் பாத்தியில் உப்பைத் தூவாதீர்கள், மண் கெட்டுவிடும். கடையில் விற்கிற நத்தை மருந்து உருண்டை வேலை செய்யும், நாயும் கோழியும் தின்றால் அவற்றையும் கொல்லும். வீட்டில் இவை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கோழி, ஆடு, மாடு இவற்றுக்கு மூன்று நாலு அடிக் கம்பி வலைதான் வழி. செம்பனைக் காட்டில் மேய்கிற மாடு ஒரு தடவை உள்ளே வந்தால் ஒரு மாத உழைப்பு போகும், ஆகவே வேலியை விதைக்கு முன்னால் போடுங்கள். குரங்கு வருகிற வீடு என்றால் பயற்றங்காயும் கத்தரியும் மிஞ்சாது. மஞ்சள், இஞ்சி, செராய் (எலுமிச்சைப்புல்), பாண்டான் (ரம்பை) இவற்றை அது அவ்வளவாகத் தொடுவதில்லை.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிற எல்லாரும் அதில்தான் ஆசைப்படுகிறார்கள். நன்றாக வளர்ந்து பூத்த தக்காளிச் செடி, இலை மஞ்சளாகாமலே திடீரென்று வாடி இரண்டு மூன்று நாளில் செத்தால், அது மண்ணில் இருக்கும் பாக்டீரியா வாடல். சோதிக்க எளிய வழி உண்டு. அடித்தண்டை ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி கிளாஸ் தண்ணீரில் வெட்டு முனை மட்டும் படுகிற மாதிரி பிடியுங்கள். சில நிமிஷத்தில் பால் நிறத்தில் இழை இழையாகக் கீழே இறங்கினால் அதுதான். அந்த மண்ணில் தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றையும் சில வருஷம் வைக்காதீர்கள். அங்கே கங்கோங்கோ கீரையோ போடுங்கள். கைப்பக்குவம் உள்ளவர்கள் சுண்டைக்காய்ச் செடியின் அடித்தண்டில் தக்காளியையும் கத்தரியையும் ஒட்டுக் கட்டுகிறார்கள். சுண்டைக்காய் வேர் இந்த நோயைத் தாங்கும். நீங்கள் முதல் வருஷம் அதற்குப் போக வேண்டாம். வெண்டை, பயற்றங்காய், கீரை, கங்கோங், நாலு மிளகாய், இரண்டு கத்தரி போதும். தக்காளிக்கு ஆசை விடவில்லை என்றால் புது மண் போட்ட பாலிபேக்கில், தாழ்நிலத்துக்கு ஏற்ற ரகம் என்று கேட்டு வாங்கிய விதையில், சிறு காயாக ஒன்று இரண்டு வையுங்கள்.

உரத்துக்கு அவசரப்படாதீர்கள். நட்டு ஒரு வாரம் பத்து நாள், புதுத் துளிர் வரும் வரை ஒன்றும் வேண்டாம். அதற்குப் பிறகு பச்சை உருண்டை உரம், அதாவது 15:15:15, ஒரு செடிக்கு ஒரு தேக்கரண்டி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு மண்ணால் மூடி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. பூ வந்ததும் நீல உருண்டை, 12:12:17. தண்ணீர் காலையில் ஒரு தடவை. ஜனவரி, பிப்ரவரி காய்ந்த காலத்தில் மட்டும் மாலை நாலரை ஐந்து மணிக்கு இன்னொரு தடவை, ராத்திரிக்குள் இலை காய்ந்துவிடும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் அதில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிப் பறந்துவிடும். சுகாதார அதிகாரி வந்து பார்த்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதமும் உண்டு. தட்டே இல்லாமல் இரண்டு செங்கல் மேல் வைப்பது உத்தமம்.

சரி, கையில் மிச்சம் இருக்கிற விதையை என்ன செய்வது? இப்போது சித்திரை மழை தொடங்கிவிட்டது. இந்த வாரமே பாத்தியில் வெண்டையும் பயற்றங்காயும் ஊன்றிவிடுங்கள், மழை உங்களுக்கு வேலை மிச்சம் வைக்கும். பயற்றங்காய்க்கு ஏழடிக் கம்பை விதையோடு சேர்த்தே நட்டுவிடுங்கள், பிறகு குத்தினால் வேரில் படும். மிளகாய், கத்தரி விதையை இம்மாதக் கடைசியில் போர்ச்சில் போடுங்கள். மே மழை முழுக்க அவை கூரைக்குக் கீழே இருக்கும், ஜூன் பிறந்ததும் மட்டை நிழலோடு வெளியே வரும். மீதி விதையை மூடிய போத்தலில், ஒரு கைப்பிடி வறுத்து ஆறிய அரிசியோடு போட்டு, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நவம்பர் வரை கெடாது.

கறிவேப்பிலை தாராளமாக வைக்கலாம். லயத்துப் பழைய மரம் இன்னும் நின்றால் அதன் வேரிலிருந்து எழுகிற பக்கக் கன்றை, மழை நாளில், ஒரு சாண் வேரோடு வெட்டி எடுங்கள். எடுத்ததும் இலையில் பாதியைக் கிள்ளிவிட்டுப் பாலிபேக்கில் வைத்து, மூன்று நாலு வாரம் போர்ச் நிழலில் இருக்கட்டும். பழத்திலிருந்து போடுவதாக இருந்தால் கறுத்துப் பழுத்ததை எடுத்து, சதையை நசுக்கிக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊன்ற வேண்டும். காய்ந்த விதை முளைக்காது. புதுத் துளிர் விட்ட பிறகு மண்ணுக்கு மாற்றுங்கள், தண்ணீர் நிற்காத மேடாகப் பாருங்கள். முதல் வருஷம் ரசத்துக்கு இரண்டு இலை வேண்டும் என்றாலும் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு, கன்றை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டடி வளர்ந்ததும் நுனியை மட்டும் கிள்ளினால் பக்கக் கிளை விட்டுப் புதராக வரும்.